மூன்றாம் துண்டு

"அண்ணா, கையை எடு! அந்த ப்ளக்கை மட்டும் தொடாதே!"

இளையவள் போட்ட சத்தத்தில் துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டேபிள் ஃபேனுக்கு இடம் தேடி அலமாரிக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்த அண்ணன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். குழாய் வேலை செய்பவன். எந்தத் தண்ணீரிலும் இறங்குவான், மின்சாரம் என்றால் மட்டும் ஆகாது.

"ஏன்டி, ஷாக் அடிக்குமா?"

"அம்மாவோட சர்வர். காப்பி ஓடிட்டிருக்கு. இப்ப நிறுத்தினா பெரியவர் மறுபடி எழுந்திருக்கவே மாட்டார்."

பக்கத்து வீட்டுத் தையல்காரர் பதறிப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பா நன்றாகத்தான் இருந்தார். கூடத்தின் நடுவே அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு, அவள் போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

பெரியவர் என்பது ஒரு டிஸ்க். வீட்டு வீடியோக்களைச் சேர்த்துவைக்க அம்மா வாங்கிய சர்வர் என்ற கறுப்புப் பெட்டிக்குள் இருந்த நாலு டிஸ்க்கில் அதுதான் மூத்தது, பதினோரு வயது. மற்றவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் வைத்திருந்தாள்: சித்தப்பா, மாப்பிள்ளை, கடைக்குட்டி. போன வாரம் பெரியவர் கடக் கடக்கென்று இருமத் தொடங்கினார். அம்மா புது டிஸ்க் ஒன்று வாங்கிவந்து, அதற்கு 'மருமகள்' என்று ஒட்டி, பெரியவரிடம் இருப்பதை எல்லாம் அங்கே மாற்றச் சொல்லி பட்டனைத் தட்டினாள். நேற்றுக் காலை, காப்பி பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் எதிரிலேயே நாற்காலியில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தாள். எழுபத்தொரு வயது. நோய் நொடி என்று ஒருநாள் படுத்ததில்லை.

திரை இப்போது எண்பத்து மூன்று சதவீதம் என்றது. அம்மா தொடங்கியது அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்ததில் இளையவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"அம்மாடி, இங்க வா," என்றார் அப்பா. "எங்க நாற்பதாவது கல்யாண நாளுக்கு உங்கம்மா மைக் புடிச்சுப் பேசினாளே, அதைக் கொஞ்சம் போடேன். நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன். எட்டு வருஷமா கேக்கறேன், தேடணும் தேடணும்னே சொல்லிட்டிருந்தா."

"இன்னிக்கேவாப்பா?"

"நாலு மணிக்கு வண்டி வந்துடும். அவ பக்கத்துல இருக்கும்போதே கேட்டுடணும். போனப்புறம் கேட்டா ஒட்டுக்கேக்கற மாதிரி இருக்கும்."

இளையவளும் அந்த விழாவுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்குப் பிரசவம். கணினி முன் உட்கார்ந்து தேடினாள். கிடைத்தது, ஆனால் நாலு துண்டாக. அந்தக் காலத்து கேமரா நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை வெட்டிவிடும். அந்த நாலையும் அம்மா நாலு டிஸ்க்கில் பிரித்துப் போட்டிருந்தாள்.

அது அம்மாவின் கொள்கை. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் எந்த வண்டி எந்த ரூட்டில் போகவேண்டும் என்று டூட்டி போட்டவள். ஒரே விழாவின் துண்டுகளை ஒரே டிஸ்க்கில் ஏற்றமாட்டாள். "இப்படிப் பண்ணினா எந்த டிஸ்க் போனாலும் எல்லா விழாவுலயும் ஓட்டை விழும்மா," என்று இளையவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். "எல்லாத்துலயும் கொஞ்சம் போனா நாம பேசி ஒப்பேத்திக்கலாம். ஒண்ணு முழுசா போச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்பாள் அம்மா. சரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலாவது எடுத்து வை என்றால், இடம் ஏது என்று வாயை அடைத்துவிடுவாள்.

மூன்றாம் துண்டு பெரியவரிடம் இருந்தது. வரிசையில் இன்னும் அதன் முறை வரவில்லை. இருமும் டிஸ்க்கை இடையில் தொந்தரவு செய்ய இளையவளுக்குத் துணிச்சல் இல்லை.

முதல் துண்டை டிவியில் போட்டாள். அம்மா மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவர் என் டிப்போ டிரைவர். டூட்டி சார்ட்ல இவர் பேரை எங்க போட்டாலும் லீவு கேப்பார். கடைசியா கல்யாணப் பத்திரிகையில போட்டேன். அதுக்கு மட்டும் லீவு கேக்கல!"

கூடம் சிரித்தது. வாய்பொத்திச் சிரித்தவர்கள் அப்பாவே சிரிப்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் துண்டு முழுக்க அதே கூத்து. அதன் கடைசியில் அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்: "ஐஸ் வாங்கப் போனவர் வர்றதுக்குள்ள ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

படம் நின்றது. நாலாம் துண்டில் எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஐஸ் பையோடு நுழைந்து "என்ன, என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, நீங்க ஒரு பாட்டு பாடுங்க," என்றது யாரோ. பையை வைத்துவிட்டு உடனே பாடினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"நடுவுல என்ன சொன்னா?" என்று அப்பா சுற்றிலும் பார்த்தார்.

"ஏதோ ஆபீஸ் கதை," என்றாள் பெரியம்மா, அம்மாவின் அக்கா.

"சமையல் பத்தின்னு ஞாபகம்," என்றார் தையல்காரர்.

"நான் கேமராவுலயே கண்ணா இருந்தேன்பா," என்றான் அண்ணன்.

"மூணு பேரும் ஒரே விழாவுக்குத்தானே வந்தீங்க?"

மறுபடி ஒரே சிரிப்பு. ஆனால் அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை இளையவள் கவனித்தாள்.

மூன்றே முக்காலுக்கு மருமகளிடம் மூன்றாம் துண்டு வந்து சேர்ந்தது. அண்ணன் பின்னாலேயே வந்து காதருகே குனிந்தான்.

"போடாதடி. அம்மா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கா. அவர் மனசு உடைஞ்சுடும்."

"இன்னிக்குக் கேக்காம எப்பண்ணா கேப்பார்?"

"கேக்கவே வேணாம்னுதான் சொல்றேன்."

இளையவள் யோசித்தாள். அம்மாவுக்குத் துரோகம் செய்வதா, அப்பாவிடம் பொய் சொல்வதா? அதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வந்துடுச்சா? உங்க ரெண்டு பேர் மூஞ்சியே சொல்லுது. போடு."

போட்டாள்.

"இவர் பாட்டு இருக்கே," என்றாள் அம்மா திரையில், "காது கொடுத்துக் கேக்க முடியாது. கல்யாணமான புதுசுல ஒருநாள் வாய்தவறி நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன். நாற்பது வருஷமா தினமும் அனுபவிக்கறேன்!" சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். "ஆனா அவர் வெளியூர் டூட்டிக்குப் போனா வீடு கம்முனு கிடக்கும். அன்னிக்கு எனக்குப் பொட்டுத் தூக்கம் வராது. அதனால யாரும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா பாடறதை நிறுத்திடுவார். எங்க, எல்லாரும் சத்தியம் பண்ணுங்க."

திரையில் பெரியம்மா கை தூக்கினாள். தையல்காரர் தூக்கினார். படம் ஒருமுறை குலுங்கியது. கேமரா பிடித்திருந்தவனும் தூக்கியிருக்கிறான்.

கூடத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. இளையவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் முகத்தை நிமிர்த்தியபோதுதான் தெரிந்தது, மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவிங்களா! அன்னிக்கு எப்படிக் கை தட்டினீங்க!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "நாற்பத்தெட்டு வருஷம்! ஒரு தடவையாவது முகத்தைச் சுளிச்சியா நீ?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுத் தொண்டையைச் செருமினார். பாட ஆரம்பித்தார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பெரியம்மா முந்தானைக்குள் சிரிப்பதும் அழுவதுமாக இருந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அதன் டிரைவர் தொப்பியோடு எட்டிப் பார்த்து, சங்கடமாகக் கடிகாரத்தைக் காட்டினார்.

"எடுக்கலாமாம்மா?"

"இன்னும் ரெண்டு சரணம் இருக்கு," என்று இளையவள் ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.