ரோலண்ட் உட்காராத சீட்

வீட்டுக் கராஜில் கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. சக்கரம் மாட்டுவதற்கு முன்பே உள்ளே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே 'ட்ரூம்' என்று ஓட்டுவார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர்வாசி ரோலண்ட் பிக்லிக்கு அந்தச் சிறுபிள்ளைத்தனம் அறவே ஆகாது. உதிரி பாகங்களாகப் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய காரை ஏழு வருஷமாகக் கோத்துக்கொண்டிருந்த அவர், சாலையில் ஓட்டும் அன்றுதான் அதில் உட்காருவேன் என்று சபதமே போட்டிருந்தார். அந்த முதல் ஓட்டத்துக்காகத்தான் மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதித்தாக வேண்டுமே. அதற்கு மனைவி கிளெனிஸ். இவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு கத்துவார்.

"அழுத்து! விடாதே, விடாதே... ம், இப்ப விடு!"

"கால் எட்டல ரோலண்ட். சீட்டை முன்னாடி தள்ளு."

தள்ளினார். இன்னும் கொஞ்சம் என்றாள், அதையும் தள்ளினார். சாலையில் ஓட்ட அனுமதி தரும் பரிசோதனை அதிகாரி ஆட்டினாலும் அசையக்கூடாது என்று அங்கேயே போல்ட் முடுக்கி, பசையும் ஊற்றி, கம்பளம் ஒட்டிவிட்டார்.

பரிசோதனைக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. வண்டிக்கு இன்னும் நம்பர் இல்லாததால் அன்று மட்டும், அங்கே போய்வர மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். காலையில் ரோலண்ட் டை கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு நோரிஸ் டீக் கோப்பையோடு வேலியோரம் ஆஜர்.

ரோலண்ட் ஆறடிக்கு மேல். ஒரு காலை விட்டார், இன்னொரு காலையும் திணித்தார். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கின் இருபுறமும் சிக்கி, தாடையை இடித்தன. ஸ்டியரிங் திரும்பவில்லை. ரோலண்டும் திரும்பவில்லை.

"யாருக்குய்யா அளவெடுத்துக் கட்டின?" என்றார் நோரிஸ்.

 பிறகு அவரே ரோலண்டின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டார். சீட்டைப் பெயர்க்க அரை நாளாவது வேண்டும். தேதி போனால் மறுபடி மாதக்கணக்கு. புல்தரையில் உட்கார்ந்திருந்த ரோலண்டுக்கு அழுகை வந்துவிட்டது.

"சாவியைக் கொடு," என்றாள் கிளெனிஸ்.

"நீயா? நீ இதைத் தகர டப்பான்னுதானே சொல்லுவ?"

"இப்பவும் அதான் சொல்றேன். கொடு."

அவளுக்கு எல்லாம் தைத்துப் போட்டதுபோல் பொருந்தியது. ரோலண்ட் பக்கத்து சீட்டில் ஒடுங்கிக்கொண்டார். முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வளைவில் கிளெனிஸ் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திறந்தார். கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது.

அதிகாரி சீட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வண்டி தேறிவிட்டது.

"ராத்திரியே சீட்டைப் பேத்துப் பின்னாடி தள்ளிடறேன்," என்றார் ரோலண்ட், திரும்பி வரும்போது.

கிளெனிஸ் கியரை மாற்றினாள்.

"தொட்டுப் பாரு," என்றாள்.