துரைக்கு இரண்டு அங்குல மெத்தை

துரை என்பது என் குதிரையின் பெயர். ஈப்போவில் பந்தயம் ஓடிய காலத்தில் அவனுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. பத்தொன்பது வருஷம் பந்தயக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, சாணி அள்ளியவள் நான். ஓட்டம் குறைந்ததும் அவனை வேண்டாமென்றார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உடம்பு முழுக்க வெள்ளை. எதிரே யார் நின்றாலும் அவர்கள் தலைக்கு மேலாகத்தான் பார்ப்பான். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த எஸ்டேட்டில் மேனேஜர் துரை அப்படித்தான் பார்ப்பாராம். வேறு பெயர் எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அவனுக்குக் கல்யாண வேலை. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, உறுமி மேளத்துக்குப் பின்னால் மண்டபம் வரைக்கும் நடக்க வேண்டும். இந்தக் குதிரை ஊர்வலம் நம் ஆட்களுக்கு எங்கிருந்து தொற்றியதோ, சினிமாவிலிருந்துதான் இருக்கும். எப்படியோ, ஈப்போ சிலிபினிலிருந்து தைப்பிங் வரைக்கும் துரையைத் தெரியாத கல்யாண வீடு குறைவு. குதிரையின் முதுகு நோகாமல் ஊர்வலம் நடத்துகிறவள் இந்த நவமணி ஒருத்திதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதை நம்பவும் செய்தேன்.

சுங்கை சிப்புட் போகிற வழியில், பழைய எஸ்டேட்டில் மிச்சமிருக்கும் ஒரு மூலையில்தான் துரையின் கொட்டகை. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறு பக்கம் புதுத் தாமான் வீடுகள். அங்கே ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஷாமினி தன் தம்பி தீபனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருக்கிறாள். தீபனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சிலிபினில் கல்யாணம். குதிரையைத் தொட்டே பார்க்காத மாப்பிள்ளையைக் கல்யாணத்தன்று நேராக ஏற்றமாட்டேன். ஒரு வாரம் முன்னால் வந்து ஏறிப் பார்த்தாக வேண்டும். இது என் சட்டம்.

ஷாமினி காரின் பின்பக்கத்தைத் திறந்து, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு துணியை எடுத்து வந்தாள். மெரூன் வெல்வெட். அதில் ஜரிகை மயில், மயிலின் தோகை முழுக்கக் கல், கல்லுக்குக் கல் நடுவே கண்ணாடி.

"ரெண்டு மாசமா தைச்சேன்க்கா. தம்பி தலைப்பாவுக்கு மேட்ச். சேணத்துக்கு அடியில போடுறதுக்கு. உள்ள ஸ்பாஞ்சுகூட வச்சிருக்கேன்லா."

அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் நூல் முடிச்சு, மிளகு மிளகாக.

"கைய நீட்டு," என்றேன். அவளுடைய முழங்கைக்கு உள்பக்கம் துணியின் அடிப்பக்கத்தை வைத்து, என் முஷ்டியால் அழுத்தி, இருபது எண்ணினேன். எடுத்தபோது அந்தச் சிவப்பான தோலில் புள்ளி புள்ளியாக மயில் தெரிந்தது.

"இது என் கை மட்டும்தான். அங்க உக்காரப் போறது ஒன் தம்பி. எத்தனை கிலோ தம்பி?"

"எண்பத்தெட்டு அக்கா," என்றான் தீபன். அவன் வந்ததிலிருந்து காரின் கதவைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"சாப்பிடுறதுக்கு முன்னயா, அப்புறமா?"

ஷாமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகம் வாடித்தான் இருந்தது. எனக்கு இரக்கமில்லை. பார்க்கிறவர்கள் கண்ணுக்காகக் குதிரையின் முதுகைப் புண்ணாக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியை ஜெயித்த திருப்தியில் என்னுடைய சரக்கை எடுத்துக் காட்டினேன்.

"இத பாரு. அடியில பருத்திப் போர்வை. அதுக்கு மேல ரப்பர் மெத்தை, ரெண்டு அங்குலம். ஸ்பாஞ்சு இல்ல, அசல் பால்மரத்துப் பால்ல செஞ்சது. அதுக்கும் மேல ஜெல் பேட். அப்புறந்தான் சேணம். துரை மாதிரி சொகமா நடக்குற குதிர பேரா மாநிலத்துலயே கெடையாது."

முதலில் போர்வை மட்டும்தான் இருந்தது. மெத்தை என் யோசனை. ஒரு நல்ல ரப்பர் மெத்தையை வாங்கி, அளவெடுத்து அறுத்தேன். என் அப்பாவும் அம்மாவும் வாழ்நாளெல்லாம் பால் எடுத்தார்கள். அதில் செய்த மெத்தையில் ஒரு நாளும் படுத்ததில்லை. என் குதிரையாவது அந்தச் சுகத்தை அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். ரப்பரிலிருந்து கெடுதல் வரும் என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார். நானும் அந்த ரத்தம்தானே. அடுத்த வருஷம் அதற்கு மேல் ஜெல் பேடும் சேர்ந்தது.

எல்லாவற்றையும் அடுக்கி, சேணத்தை வைத்து, வயிற்று வாரை இறுக்கி, தீபனை ஏற்றினேன். துரை காதுகளைப் பின்னால் மடித்தான். முதுகைச் சற்றே தாழ்த்தினான். பிறகு நடந்தான்.

"நேரா உக்காருங்க தம்பி. லோரி சீட்டு இல்ல இது," என்றேன். போனில் உறுமிச் சத்தத்தை வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்பனை ஓரமாக நடத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இருபது நிமிஷம் நான்கு சுற்று. ஒவ்வொரு தடவை தீபன் அசையும்போதும் துரையின் காது பின்னால் போனது. ஆள் கனம், உட்காரத் தெரியவில்லை என்று நான் மனதுக்குள் அவன் மேல் பழியைப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஷாமினி கைகளைக் கட்டிக்கொண்டு குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்து நின்றதும் கிட்டே வந்தாள். சேணத்தின் முன்பக்க வளைவுக்குக் கீழே, துரையின் தோள்மேட்டு எலும்புக்கு மேலே, விரலை நுழைக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூடப் போகவில்லை.

"அக்கா, இந்தச் சேணம் எந்த அளவுக்கு எடுத்தது? மெத்தை போட்டப்புறமா, முன்னயா?"

"முன்ன. எதுக்கு?"

"இல்ல, ரவிக்கைக்கு உள்ள ரெண்டு லைனிங் வச்சா வெளித்துணிய விட்டுக் குடுக்கணும்க்கா. விடாம தைச்சா அக்குள்ள புடிச்சிரும். லைனிங் எவ்வளவு மெத்துன்னு இருந்தாலும் புடிக்கும். இங்க உள்ள மூணு லைனிங் இருக்கு. வெளில அதே சட்ட."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தையக்காரிக்குக் குதிரையப் பத்தி என்னம்மா தெரியும்?"

"குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "புடிக்கிற துணியப் போட்டவங்க மொகம் தெரியும்."

தீபனை இறக்கிவிட்டு, அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே வாரை அவிழ்த்தேன். சேணம், ஜெல், மெத்தை, போர்வை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கீழே தள்ளினேன். துரையின் முதுகு வியர்வையில் நனைந்து கிடந்தது. தோள்மேட்டுக்கு இரண்டு பக்கத்திலும் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, எலும்பாகக் காய்ந்திருந்தது.

அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சுற்றிலும் வியர்த்து ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அந்த இடத்தைச் சேணம் வியர்க்கக்கூட விடாமல் நசுக்கியிருக்கிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருஷம் பந்தயக் கொட்டகையில் எத்தனை பேருக்கு இதை நானே சொல்லியிருக்கிறேன். துரையிடம் மட்டும் எனக்கு இது தெரியாமல் போனது எப்படி? கல்யாணம் முடிந்ததும், பாவம் களைத்திருப்பான் என்று, சேணத்தை இறக்கிய கையோடு தண்ணீர் ஊற்றிவிடுவேன். காய்ந்த இடமும் நனைந்துவிடும். இன்னோர் அடையாளமும் உண்டு. நசுங்குகிற இடத்தில் நாளாக ஆக வெள்ளை முடி முளைக்கும். செம்பட்டைக் குதிரையென்றால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பேன். இவன் உடம்பே வெள்ளை.

இரண்டு விரலால் அந்த இடத்தை மெல்ல அழுத்தினேன். துரையின் முதுகு பள்ளமாக இறங்கியது. கழுத்தைத் திருப்பி, என் தலைக்கு மேலாக இல்லாமல், நேராக என்னைப் பார்த்தான்.

இரண்டு வருஷம். அத்தனை கல்யாணத்திலும் அவன் காதை மடித்தபோதெல்லாம் நான் மாப்பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எதிரில் அழ மனமில்லாமல் மெத்தையைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

"ஞாயித்துக்கெழம துரை மேல யாரும் ஏற முடியாது," என்றேன். "அதுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு முடியாது. கோலாலம்பூர்லேர்ந்து வேற குதிர வரும். நம்பர் தாரேன்."

ஷாமினி மடியில் வெல்வெட்டை வைத்துக்கொண்டு கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு மாச வேலை. இத்தனை நேரம் அவளை ஜெயித்த பெருமையில் நின்ற நான், இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏறலன்னா நடக்கலாம்ல?" என்றான் தீபன். முதல் முறையாக அவன் குரலில் தெம்பு தெரிந்தது. "நான் பக்கத்துல நடந்து வாரேன். உண்மையச் சொன்னா எனக்கு அதான் வேணும். ஒரு வாரமா தூக்கமில்ல."

ஷாமினி தம்பியைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், பிறகு கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அடுத்த அரைமணி நேரம் பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுப்பதுபோல துரைக்கு அளவெடுத்தாள். கழுத்து, தோள், முதுகு. அவனும் காட்டிக்கொண்டு நின்றான். தோள்மேட்டுக்கு நேராகத் துணியை வெட்டித் திறந்துவிடுவாள், ஸ்பாஞ்சை எடுத்துவிடுவாள், அடியில் பழைய கைலியைக் கொடுத்து முடிச்சுகளை மூடிவிடுவாள். சேணமும் இல்லை, வயிற்று வாரும் இல்லை. நெஞ்சுக்கு முன்னால் தளர்வாக ஒரு நாடா, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிலிபினில் துரை லோரியிலிருந்து இறங்கியபோது தெருவே வாயைப் பிளந்தது. மெரூன் வெல்வெட் இரண்டு பக்கமும் விழ, மயில் வெயிலில் எரிந்தது. தீபன் தலைப்பாகையோடு வந்து பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்தான். அப்போது அவனுடைய தாய்மாமன் பத்துமலை, ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, குதிர வந்திருக்கு, ஏறலயா? பயமாலா?"

"ஆமா மாமா, பயம்தான்," என்றான் தீபன். எனக்காகத்தான் சொன்னான் என்பது என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மேளக்காரர்களும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் அடுத்த மாசக் கல்யாணத்துக்கு என்னிடம் சொல்லி வைத்திருந்த கலாதேவி அக்கா நின்றாள். இன்னும் இரண்டு பேர் என் நம்பரை வாங்கியிருந்தார்கள். பேசாமல் நின்றிருந்தால் ஊர்வலம் கிளம்பியிருக்கும். பழி தீபனோடு போயிருக்கும். அவன் அதைச் சிரித்துக்கொண்டே சுமக்கத் தயாராகத்தான் இருந்தான். முதுகைக் கொடுத்து நிற்கிறவன் மேல் பாரத்தை ஏற்றிவிட்டுக் கண்டுகொள்ளாமல் நடப்பதை இரண்டு வருஷம் செய்தாயிற்று.

"மாப்பிள்ளைக்குப் பயமில்ல, மாமா," என்றேன். "குதிரைக்கு முதுகு வலி. சொகமா இருக்கட்டும்னு நான் வச்ச மெத்தைதான் நசுக்கியிருக்கு. ரெண்டு வருஷமா. கண்டுபுடிச்சது மாப்பிள்ளையோட அக்கா."

சிரிப்பு நின்றது. பத்துமலை மாமா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"இப்ப தேவலயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஷாமினி வெட்டிவிட்ட திறப்பு வழியாகக் கையை விட்டு, எல்லோரும் பார்க்க, இரண்டு விரலால் அழுத்தினேன். துரையின் முதுகு இறங்கியது. திங்கட்கிழமை அளவுக்கு இல்லை, ஆனாலும் இறங்கியது.

"இன்னும் வலிக்குது," என்றேன், கலாதேவி அக்காவுக்கும் கேட்கும்படி. "ஏறணும்னு நெனக்கிறவங்க தீபாவளிக்கு அப்புறம் வந்து கேளுங்க. வந்தா, ஏறுறதுக்கு முன்ன நீங்களே இந்த எடத்துல கைய வச்சுப் பாருங்க. என் வார்த்தைய நம்பாதீங்க."