ஆறாவது விரல் வாசித்த செல்லோ

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் பூக்கடைத் திருப்பதி சொல்வதில் பாதியை ஊர் நம்பாது. மிச்சப் பாதியை அவன் பெண்சாதி செவந்தி நம்பமாட்டாள். அதனால், "சினிமாவில் என் கை நடிச்சிருக்கு" என்று அவன் வந்து சொன்ன அன்றைக்கு, நம்புவதற்கு ஆளே மிச்சமில்லை.

ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நார்த்தாமலையில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கதாநாயகன் பாறை மேல் உட்கார்ந்து செல்லோ வாசிக்க வேண்டும். செல்லோ என்றால் வேறொன்றுமில்லை. வயலினுக்கு ஆறு மாதம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்தால் என்ன உருவம் வருமோ, அதுதான். முட்டிகளுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, வலது கையால் வில்லை இழுக்க வேண்டும். இடது கை விரல்களால் தந்தியை அழுத்த வேண்டும். வாசிப்பு சென்னையிலேயே பதிவாகி வந்துவிட்டது. இங்கே ஸ்பீக்கரில் அதைப் போடுவார்கள், அசைத்தால் போதும். கதாநாயகனுக்கு வில் வந்தது, விரல் வரவில்லை. அவர் தந்தியை அமுக்கியது, கொய்யாப்பழம் கனிந்துவிட்டதா என்று பார்ப்பது போலிருந்தது. அதற்கென்றே சென்னையிலிருந்து ஒரு கைக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் காலையில் பாறை இடுக்கில் என்னத்துக்கோ கையை விட, உள்ளே குடியிருந்த கதண்டுகள் கூட்டமாய் வந்து கொட்டிவிட்டன. கை வீங்கி, விரல் சந்தெல்லாம் மூடி, பன் ரொட்டி மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பூஜைக்கு மாலை கொண்டுபோன திருப்பதி, பாறை நிழலில் குந்தி மீதிப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தான். பிளெஸ்ஸி என்று ஒரு உதவி இயக்குநர் பெண். அவன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒங்க விரலு இந்த ஓட்டம் ஓடுதே. எங்களுக்கு ஒரு அஞ்சு நிமிசம் ஓட விடுறீங்களா?"

"எத்தனை விரலு வேணும் தாயி?"

அப்போதுதான் அவள் கவனித்தாள். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல், மல்லிகைக் கொத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அஞ்சு போதும்ணே. அதை மட்டும் மடக்கிக்கங்க."

மடக்குவது திருப்பதிக்குப் புதிதில்லை. அந்த விரலை அவன் ஐம்பது வருடமாக மடக்கியே வைத்திருந்தான். கல்யாண போட்டோவில் இடது கை மேல் துண்டு கிடக்கும். ஆதார் எடுக்கப் போனபோது, பதினோராவது விரலுக்கு மிஷினில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கடை அழகுமலை, "மாப்ளே, அரை டஜன்!" என்றுதான் கூப்பிடுவான். பூக் கட்டும்போது மட்டும் அது வெளியே வரும், வேலையை முடித்துவிட்டு உள்ளே போய்விடும்.

கதாநாயகனின் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். அவர் சட்டையைப் போலவே ஒரு சட்டைக் கையை மாட்டி, திருப்பதியை அவருக்குப் பின்னால் குந்த வைத்து, கையை முன்னால் நீட்டச் சொன்னார்கள். "பூக் கட்டுற மாதிரியே செய்யுங்கண்ணே" என்றாள் பிளெஸ்ஸி. ஸ்பீக்கரில் செல்லோ முழங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து மாடு கூப்பிடுவது மாதிரி ஆரம்பித்து, போகப்போக மனுஷர் யாரோ அழுவது மாதிரி ஆனது. ஐந்து விரல்களும் பதமாகத்தான் ஓடின. 

முடிந்ததும் இயக்குநர் கத்தினார்: "கட்!"

பூக்காரன் காதில் அது "கட்டு!" என்றுதான் விழுந்தது. அமாவாசைக்கு முதல் நாள் மார்க்கெட்டில் முதலாளி போடும் சத்தம் அது. திருப்பதி வேகத்தைக் கூட்டினான்.

"கட், கட்!"

இன்னும் வேகம். ஐந்து விரல் பத்தவில்லை. மடங்கிக் கிடந்த ஆறாவது தானாக எழுந்து, தந்தியின் மேல் போய் நின்றது. கதாநாயகனுக்கோ, வில்லை நிறுத்தினால் தப்பாகிவிடுமோ என்று பயம், அவரும் இழுத்தார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். "இதுதான்யா எனக்கு வேணும்" என்றார். முன்னால் எடுத்ததெல்லாம் வேண்டாம், 'கட்'டுக்கு அப்புறம் வந்ததுதான் படத்தில் வரும் என்று பிளெஸ்ஸி வந்து சொன்னாள்.

"அந்த விரலோடயா?"

"அதை கிராபிக்ஸ்ல எடுத்துருவாங்கண்ணே. கவலப்படாதீங்க."

அங்கே பிடித்தது அவனுக்கு இருப்புக்கொள்ளாமை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த விரலை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அதைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. முகம் படத்தில் இல்லை. ஐந்து விரல் கை ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது.

"இங்கேருங்க, கைதானே? என் கைதான் போன வருசம் வெளிநாட்டுப் படத்துல நடிச்சுச்சு. நான் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டேனா?" என்றாள் செவந்தி.

எட்டு மாதம். கடையில் உட்காருவான், எழுவான், பஸ் ஸ்டாண்டு வரை போவான், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்புவான். கட்டிய சரமெல்லாம் லொடலொடவென்று வந்து, வாங்கினவர்கள் வாசலிலேயே உதிர்ந்தது. போனில் செல்லோ கச்சேரியாகத் தேடித் தேடிப் பார்த்தான். எந்தெந்த தேசத்துக்காரர்களோ கண்ணை மூடிக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். திருப்பதி வாசிப்பைக் கேட்கவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்தி விரலை எண்ணினான். இருநூறு கச்சேரிக்கு மேல் எண்ணிவிட்டான். ஒருத்தருக்காவது ஆறு இல்லை.

பிளெஸ்ஸிக்கு வாரம் தவறாமல் போன் போட்டான்.

"பாப்பா, அது இருக்குல்ல?"

"நான் சொல்லிப் பாத்தேண்ணே. ஹீரோவுக்கு மத்த சீன்லயெல்லாம் அஞ்சுதானே இருக்கு?"

"அவருக்கும் ஒண்ணு ஒட்டவச்சிருங்களேன். கிராபிக்ஸ்காரவுகளுக்கு அது பெரிய காரியமா?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் இருமல் சத்தம் கேட்டது. "கேட்டுச் சொல்றேண்ணே."

படம் புதுக்கோட்டைக்கு வந்தது. மேட்னிக்கு அழகுமலை மார்க்கெட்டையே ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பழைய தியேட்டர், கடைசி வரிசையில் நின்றால் திரைக்குப் போகும் வெளிச்சம் தலைக்குச் சற்று மேலேதான் போகும். திருப்பதி கடைசி வரிசையில் நுனி சீட்டில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். செவந்தி இரண்டு தடவை முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள். அது மறுபடி ஆடியது.

நார்த்தாமலை வந்தது. பாறை வந்தது. செல்லோ முழங்கியது. திரை நிறைய ஒரு இடது கை.

வேனில் வந்தவர்கள் எல்லாரும் எண்ணினார்கள், வாய்விட்டே எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அத்தோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வெறும் மரம், பாலிஷ் போட்டு மின்னியது.

"மாப்ளே, ஒண்ணு குறையுதே! வழியில எங்கிட்டாச்சும் விழுந்திருச்சா?" என்றான் அழகுமலை. மார்க்கெட் முழுக்கச் சிரித்தது.

திருப்பதி எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். சீட்டின் மேல் ஏறி நின்று, இடது கையை வெளிச்சத்துக்குள் உயர்த்தினான்.

திரையில், அந்தக் கையின் மேலேயே, கறுப்பாக இன்னொரு கை விழுந்தது. தென்னை மட்டை அளவு விரல்கள். ஆறு. ஸ்பீக்கரில் செல்லோ ஏறவும் இறங்கவும், நிழல் விரல்களும் கூடவே ஏறி இறங்கின. கீழே இருக்கும் கலர்க் கை எங்கெங்கே போனதோ, மேலே கறுப்புக் கையும் அங்கங்கே, ஒரு இம்மி பிசகாமல் போனது.

"எவன்டா அவன்? ஒக்கார்றா!"

"கையை எறக்குய்யா, மறைக்குது!"

செவந்திக்கு வெட்கத்தில் காது சுட்டது. வேட்டியைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். கலர்க் கையைப் பார்த்தாள், கறுப்புக் கையைப் பார்த்தாள், மறுபடியும் கலர்க் கையைப் பார்த்தாள். இரண்டிலும் மணிக்கட்டு ஒரே மாதிரி, பூவை முடிச்சுக்குள் தள்ளும்போது அவன் திருப்புகிற மாதிரியே, லேசாக இடப்பக்கம் திரும்பியது. இழுத்துக்கொண்டிருந்த வேட்டியை, அவன் விழுந்துவிடாமல் இருக்க, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழகுமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், விரல் விட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

டிக்கெட் கிழிக்கிறவர் டார்ச்சை அடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தார்.

"யோவ், எறங்குய்யா கீழ!"

செவந்தி கையை நீட்டி அவரை மறித்தாள்.

"அண்ணே, அந்த லைட்ட கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க. நெழல் கலையுது."