கால் வைக்க நாலடி

காலைப் பனியில் தகரக் கூரை சோப்புத் தேய்த்தது போல வழுக்கியது. இடுப்புப் பெல்ட்டை முகட்டுக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, சரிவில் குப்புறப் படுத்து, தண்ணீர் டேங்க்கின் நிழல் விழும் இடத்தைச் சுற்றிக் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள் சாக்பீஸ். அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. அவள் கோட்டுக்குள் சோலார் பேனல் மாட்டக் கூடாது. ஒரு மூலையில் நிழல் பட்டாலும் வரிசை முழுக்க மின்சாரம் தராமல் சோம்பிவிடும்.

நான்கு நாளுக்கு முன் வேறொரு கூரையிலிருந்து அண்ணன் விழுந்தான். முகட்டோரம் கயிறு கட்டவும் கால் வைக்கவும் விடும் நாலடியிலும் அங்கே பேனலை நிரப்பியிருந்தார்கள். இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வீட்டில் சம்பாதிக்கும் கை இப்போது அவளுடையது மட்டும்.

வெயில் ஏறியதும் ஏணியில் முதலாளியின் தலை தெரிந்தது. தலை மட்டும்தான்.

"எட்டு பேனல் மிச்சம் நிக்குதே, ஏன்?"

"மிச்ச இடமெல்லாம் நிழல் சார்."

"முகட்டோரம் நாலடி சும்மாதானே கிடக்கு? நீ போட்ட கோடே சொல்லுதே, அங்க நிழல் இல்லன்னு. கயித்த அவுத்துட்டு மாட்டுங்க."

அண்ணன் விழுந்த கூரையிலும் கோடு அவள் போட்டதுதான்.

"கயித்த அவுத்தா விழுந்துடுவோம் சார்."

"பாத்து நடந்தா யாரும் விழ மாட்டாங்க."

"அப்ப ஏறி வந்து நடந்து காட்டுங்க சார், கத்துக்கறோம்" என்றார் அவளோடு பேனல் மாட்டும் ஃபிட்டர் மாமா. கூரையில் இருந்த மற்ற நால்வரும் சிரித்தார்கள். முதலாளியின் கை ஏணியை இறுக்கிப் பிடித்தது.

"முடியாதுன்னா இறங்குங்க. கேட்டுல ஆள் நிக்குது."

பொய்யில்லை. வேலை கேட்டுப் பத்துப் பேர் பையோடு நின்றார்கள். 'சரி சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது அவளுக்கு. அண்ணனின் மருந்துச் சீட்டு சட்டைப் பையில் உறுத்தியது.

அவள் ஊர்ந்து முகட்டுக்கு ஏறினாள். எழுந்து நின்றாள். மாட்டி முடித்த பேனல்களின்மேல் அவள் நிழல் நீளமாக விழுந்தது.

"இப்ப இங்கயும் நிழல் இருக்கு சார்."

ஃபிட்டர் மாமா வந்து பக்கத்தில் நின்றார். பிறகு மற்ற நால்வரும். ஆறு நிழல்கள் வரிசையை மறைத்தன.

"நாலடிய விடற வரைக்கும் இந்த நிழல் நகராது" என்றார் மாமா.

"டேய், உள்ள வாங்கடா!" முதலாளி கேட்டைப் பார்த்துக் கத்தினார்.

கூட்டத்தில் ஒருவர் அண்ணாந்து கேட்டார்: "மேல கயிறு இருக்காம்மா?"

"அவுக்கச் சொல்றாருண்ணே!"

அவர் பையை இறக்கி வைத்து, கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்தார்.