நாரைக்குப் பின்னால் நின்றவள்

யுத்தம் முடிந்த வருடம் ஒக்டோபரில், கல்முனையில் நடந்த படக் கண்காட்சியில் மசூரின் நாரைப் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மூன்றாம் நாள் அவனுடைய மாமாவின் இளைய மகள் பரீனா நிந்தவூர் வீட்டுக்குத் தேடி வந்தாள். அவளுடைய மூத்த சகோதரி, அவள் ராத்தா என்று கூப்பிடும் றஹீமாவின் மகள் நபீலாவும் கூட வந்திருந்தாள். கடல் வந்து றஹீமாவைக் கொண்டுபோன அன்று அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. இப்போது எட்டு.

"மச்சான், ஒரு உதவி," என்றாள் பரீனா. "நீங்க அந்த நாரைய எடுக்கக்குள்ள தானும் படத்தில விழுந்த எண்டு ராத்தா அப்பவே வந்து சொன்னா. சிரிச்சிக்கிட்டு நிண்டாவாம். அதில ஒரு கொப்பி தருவீங்களா?"

றஹீமாவின் வீட்டோடு பட அல்பங்களும் கடலில் போய்விட்டன. மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் பிரதி ஒன்றுதான்.

"அதில உம்மா பயந்துபோய் இரிக்கா, சாச்சா," என்றாள் நபீலா. "எனக்குச் சிரிக்கிற உம்மா வேணும்."

மசூர், "தேடிப் பாக்கிறன் மகள்," என்று சொல்லிவிட்டான். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பது அந்த நிமிடமே அவனுக்குத் தெரியும்.

அந்தப் படம் எடுத்தது 2004 மாசியில், பெரும்போக அறுவடை நேரம். குவைத்திலிருந்து வந்த கெமரா ஒன்று கையில் கிடைத்த நாளிலிருந்து, கூட்டுறவுச் சங்கக் கடையின் எழுதுவினைஞனான மசூருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்திருந்தது. எடுத்ததையெல்லாம் கல்முனைக்குக் கொண்டுபோய், கல்யாணப் படம் பிடிக்கிற லக்சனிடம் காட்டுவான். இருவரும் ஒரே வயதுக்காரர்.

"இது நாரையா, விளக்குக் கம்பமா? நட்டநடுவில நட்டு வெச்சிருக்கிறாய்," என்று லக்சன் சிரிப்பான். "ஒரு பக்கமா ஒதுக்கு. சொண்டு பாக்கிற பக்கம் வெளி விடு, வாலுக்குப் பின்னால கிடக்கிறத வெட்டு. நிண்டுகொண்டு எடுக்காத, அதிட கண் மட்டத்துக்கு இறங்கு. கொம்பியூட்டரில வரம்பு சரிஞ்சிருந்தா நிமித்து, வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டு. பச்சையக் கூட்டாத, வயல் பிளாஸ்டிக் மாதிரி வரும்."

மசூர் அத்தனையையும் ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதி வைத்தான். அதன்படியே ஒரு காலை, வட்டை வெளிக்குள் அறுத்த வயலின் சேற்றில் நெஞ்சுபடக் கிடந்தான். முன்னால் நாரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அரை மணித்தியாலம் அது அசையவே இல்லை.

வாப்பாவுக்குச் சோறு கொண்டு வந்த றஹீமா தூரத்து வரம்பில் நின்று, மசூரின் பெண்டாட்டியை இழுத்துக் கேட்டாள்:

"என்ன மச்சான், ஸகியா ராத்தா வீட்டால துரத்திட்டாவா? பாயுமில்லாமக் கிடக்கீங்க?"

"சும்மா இரி புள்ள, பறந்திரும்." கெமராவிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.

அவள் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் நாரை கழுத்தை நீட்டித் தலையை நிமிர்த்தியது. மசூர் அழுத்தினான்.

கொம்பியூட்டரில் திறந்தபோதுதான் கண்டான், நாரையின் வாலுக்குப் பின்னால் வரம்பில் றஹீமாவும் விழுந்திருக்கிறாள். மனம் சங்கடப்பட்டது. ஒரு காலத்தில் அவனுக்கும் அவளுக்கும் கலியாணம் பேசி, பேச்சு முறிந்துபோனது ஊருக்கெல்லாம் தெரியும். இப்போது இருவருக்கும் தனித்தனிக் குடும்பம். அவன் எடுத்த படத்தில் அவள் சிரித்துக்கொண்டு நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுடைய பேருக்கும் நல்லதில்லை. லக்சனின் பாடமும் வெட்டு என்றே சொன்னது. வெட்டினான். பழைய படத்தின் மேலேயே சேமித்தான். கெமராவின் மெமரி கார்டில் இருந்ததையும் அழித்துவிட்டு, மறுநாள் மீன்கொத்தி பிடிக்கப் போனான்.

ஒரு கிழமை கழித்து அவள் கேட்டாள், "என்ட படம் எங்க மச்சான்?"

"அது சரியா விழல்ல புள்ள."

"என்ட மூஞ்சியக் கண்டு கெமராவும் பயந்திட்டு போல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வருடக் கடைசியில் அவள் இல்லை.

இப்போது மசூர் பழைய மெமரி கார்டையும் கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு லக்சனிடம் போனான். அழிந்ததை மீட்கிற மென்பொருளைப் போட்டு லக்சன் இரண்டு நாள் பார்த்தான்.

"இல்லடா. இதுக்கு மேல எத்தின ஆயிரம் படம் எடுத்திட்டாய். வெட்டினதையும் பழசுக்கு மேலேயே போட்டிருக்கிறாய்." பிறகு மெதுவாகக் கேட்டான், "ஆள வெட்டினது படத்துக்காகவா?"

"ஓம்," என்றான் மசூர். கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இல்ல," என்றான்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வரும் வழியில் நபீலா தன் வீட்டு வாசலில் நின்று, "கிடைச்சா சாச்சா?" என்று கேட்டாள். ஐந்து முறையும், "தேடிக்கிட்டு இரிக்கன்," என்றான். ஆறாவது வெள்ளி உள்ளே போய் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே சொன்னான்.

பரீனாவின் முகம் இறுகிப்போனது. "ராத்தா கேக்கக்குள்ளயே குடுத்திருக்கலாமே மச்சான். அவவே கிழிச்சிருப்பா, இல்லாட்டி வெச்சிருப்பா. அது அவட முகம்தானே?"

நபீலாதான் கிட்ட வந்தாள்.

"படம் இல்லாட்டிப் பரவால்ல. நீங்க கண்டீங்கதானே? உம்மா எப்பிடி நிண்டா?"

"இடுப்பில கைய வெச்சிக்கிட்டு நிண்டா." அது மட்டும் துல்லியமாக நினைவிருந்தது. வெட்டும் கோட்டுக்குள் அந்த முழங்கை வந்துவிடாமல் இரண்டு முறை அளந்து பார்த்தவன் அவன்.

நபீலா இடுப்பில் கை வைத்தாள். "இப்பிடியா?"

"இன்னும் கொஞ்சம் மேல. முழங்கை வெளியால."

"இப்பிடி?"

"ஓம். அப்பிடித்தான்."

கையை எடுக்காமல், "எப்பிடிச் சிரிச்சா?" என்று கேட்டாள்.

மசூர் நினைத்து நினைத்துப் பார்த்தான். சிரிப்புச் சத்தம் கேட்டது, நாரை தலை நிமிர்ந்தது, அதன் கண்ணில் வெயில் பட்டது. அன்று கொம்பியூட்டர்த் திரையிலும் வெட்டும் கோட்டைப் பார்த்தான், நாரையின் வாலைப் பார்த்தான்.

"முகத்த நான் பாக்கல்ல மகள்," என்றான்.