ஓசனிச்சிட்டு தூங்கும் விதம்

கல்லறைத் திருநாளுக்குள் ராஜமேரியைப் புதைத்த மண்மேட்டைச் செங்கல் வைத்துக் கட்டிவிட வேண்டும் என்று ஞானமேரி அக்காதான் ஒரே பிடியாக நின்றாள். சவரி தலையாட்டினான். ஆடியில் மனைவி காய்ச்சலில் போனதிலிருந்து அக்கா சொன்ன எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். அது எண்பத்தாறாம் வருட ஐப்பசி.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மேஸ்திரி யாகப்பன் வந்து கலவை குழைத்தார். கரண்டியை எடுக்கும்போது சவரியின் ஐந்து வயது மகள் சகாயமேரி மேட்டின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

“எந்திரி கண்ணு, பாவாடையெல்லாம் மண்ணு.”

“மாட்டேன். கட்டக் கூடாது.”

“ஏனாம்? என் வேலை புடிக்கலியா? உங்க வூட்டு அடுப்பே நான் கட்டுனதுதான்.”

“அது பொகையுது” என்றாள் தலையைத் தூக்காமல்.

யாகப்பன் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அலறியது.

“கல்லு வச்சா அம்மா எப்படி எந்திரிக்கும்? வெயிலு பட்டாத்தான எந்திரிக்கும்? அப்பாதான் சொன்னாரு!”

இருவரும் சவரியைப் பார்த்தார்கள்.

அவன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அழுத பிள்ளையைத் தேற்ற, ஒரு புத்தகத்தில் ஓசனிச்சிட்டின் படத்தைக் காட்டியிருந்தான். கட்டைவிரல் நீளம், கழுத்தில் பச்சை மினுக்கம், பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

“சித்தேரி மலையில இருக்குதாப்பா?”

“இல்ல. ரொம்பத் தூர தேசம். எப்பவும் பனி மூடி, மரமெல்லாம் ஈரம் சொட்டுற மலைக்காடு.”

ராத்திரிக் குளிரில் அது உடம்பு சில்லிட்டு, செத்ததுபோலக் கிளையைப் பற்றிக் கிடக்கும், விடிந்தால் சூடேறிப் பறந்துவிடும் என்றான். அம்மா எங்கே என்று கேட்டபோதெல்லாம் ‘தூங்குறா’ என்று முன்பே சொல்லி வைத்திருந்தான். இரண்டையும் பிள்ளை சேர்த்து முடிந்துகொண்டது அவனுக்குத் தெரியாது.

“படிச்ச படிப்புக்குப் புள்ளகிட்டச் சொல்ல வேற கதையே கெடைக்கலியாடா?” என்றாள் அக்கா.

“சார், கலவை இறுகுதுங்க” என்றார் யாகப்பன் தாழ்ந்த குரலில்.

சவரி ஈர மண்ணில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பாப்பா, அந்தச் சிட்டு சாகல. உள்ள இதயம் மெதுவா அடிச்சிட்டே இருக்கும். அதனாலதான் எந்திரிக்குது.”

“அம்மாவுக்கு?”

துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவன் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

“நின்னு போச்சு. அம்மா தூங்கலடா. செத்துப் போயிட்டா.”

“வெயிலு அடிச்சாக்கூட?”

“அடிச்சாக்கூட.”

அவள் மண்ணில் காதை வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு எழுந்து அவன் மடியில் ஏறி, சட்டைப் பையை விலக்கி, நெஞ்சில் காதை அழுத்தினாள்.

“அப்பாவுக்கு அடிக்குது” என்றாள் மேஸ்திரியைப் பார்த்து.

“ஆமா கண்ணு” என்றார் யாகப்பன்.

சவரியின் தோள் குலுங்கியது. ஆடியிலிருந்து வராத அழுகை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

யாகப்பன் இறுகிப்போன கலவையை வழித்து வேலி ஓரம் கொட்டினார். சல்லடையை எடுத்துவைத்து, அவசரமில்லாமல், மறுபடியும் முதலிலிருந்து மணல் சலிக்க ஆரம்பித்தார்.