பலகை ஆடிய நாள்

எம்டன் கப்பல் குண்டு போட்டுவிட்டுப் போன மறுவருஷம், எண்ணூர் உப்பளத்தில் கூடை தூக்கப் போனாள் முகத்துவாரக்குப்பத்துப் பட்டம்மாள். அழைத்துப் போனவள் கெங்கம்மா, பட்டம்மாளின் புருஷன் திருமலைக்கு அக்கா. நாத்தனார் என்றால் நெருப்பு என்பார்கள். இந்த நாத்தனாரோ தன் கஞ்சியில் பாதியைப் பட்டம்மாளின் கலயத்தில் ஊற்றிவிட்டு, "எனக்கு வவுறு சரியில்லடி" என்று தினமும் பொய் சொல்கிறவள்.

கரைக்கும் கால்வாய்ப் படகுக்கும் நடுவே நீளப் பலகை போட்டிருக்கும். அதில் நடந்து போய் உப்பைக் கொட்ட வேண்டும். தலையில் கூடை, இரண்டு கையும் மேலே. பலகை நடுவில் ஓரமாக மேஸ்திரி ராமசுப்பு நிற்பான். "வழுக்கும், புடிச்சிக்கிறேன்" என்று இடுப்பில் கை போடுவான். அந்தக் கை இடுப்போடு நிற்காது. தட்டிவிடக் கையை இறக்கினால் கூடை தண்ணீரில் விழும். கூடை போனால் வேலையும் போகும்.

ஒரு நாள் பட்டம்மாள் கஞ்சியைத் தொடவில்லை.

"இன்னாடி?"

"நாளிக்கி நான் வரல அண்ணி."

"அவன் கையா?"

பட்டம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவராண்ட சொல்லிடாத. துடுப்பத் தூக்கிகினு வந்துடுவாரு. இவன் மண்ட ஒடையும், அவரு ஜெயிலுக்குப் பூடுவாரு. வேலைய வுட்டாலோ, இந்த வாடைக் காத்துல அவரும் கடலுக்குப் போவ முடியாது, அடுப்பு எரியாது."

"எம்மேலயும்தான் கை வெச்சான். கெய்வி ஆவப்போறேன்னு வுட்டுட்டேன். உம்மேல வெச்சான் பாரு, அங்கதான் மாட்டிகினான்."

பலகையில் நடப்பவர்களுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. முன்னே போகிறவள் கால் வைக்கும்போது பின்னே வருகிறவள் வைக்கக் கூடாது. சேர்ந்து வைத்தால் பலகை துள்ளும். நடப்பவள் முழங்காலை மடக்கிச் சமாளித்துக்கொள்வாள். சும்மா நிற்பவனால் முடியாது.

"நாளிக்கி என் காலப் பாத்துகினே வா பட்டு. நான் வெக்கசொல்ல நீயும் வை."

"கூடை வுழுந்துட்டா?"

"வுழட்டும். உப்பு வந்த எடத்துக்கே போவுது."

மறுநாள் முன்னே கெங்கம்மா, பின்னே பட்டம்மாள். பட்டம்மாளின் கண் கெங்கம்மாவின் வெடித்த குதிகாலை விடவில்லை. வலது, இடது, வலது. பலகை மெல்ல மூச்சு வாங்கியது, பிறகு துள்ளியது. நீட்டிய கையோடு ராமசுப்பு சேற்றுத் தண்ணீரில் குப்புற விழுந்தான். கெங்கம்மாவின் கூடையும் அவன் மேலேயே கவிழ்ந்தது. பட்டம்மாளின் கூடை அசையவில்லை.

"யோவ், பலகமேல நிக்க உனக்கின்னாய்யா வேல?" என்று கத்தினார் படகுக்காரர் தவசிமுத்து. "இனிமே எவனாச்சும் நின்னா இங்க படகே கட்ட மாட்டேன்!"

"வழுக்கும்னு அவருதான் தெனம் சொல்வாரு" என்றாள் கெங்கம்மா, பரிதாபமாக.

படகு வராவிட்டால் உப்பு நகராது என்பதால் கெங்கம்மாவின் கூடைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து மேஸ்திரியின் இடம் கரைதான்.

வலையோடு உட்கார்ந்திருந்த திருமலை அன்று மாலை கேட்டான்: "இன்னா ரெண்டு பேரும் சிரிச்சிகினே கீறீங்க?"

"பலக ஆடுச்சிடா."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"நீ கூடை தூக்குனாத் தெரியும். போடா."

பல வருஷம் கழித்துக் கெங்கம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதுவரை பட்டம்மாள் பாடைக்குப் பின்னால், தூக்கியவர்களின் காலையே பார்த்தபடி நடந்தாள். எல்லோரும் ஒன்றாகக் கால் வைத்தார்கள். பாடை குலுங்கியது.

"மாத்தி மாத்தி வைங்கப்பா" என்றாள். "எங்க அண்ணி ஆடாம போவட்டும்."